முள்கோழியின் உறவினர் யார்?

தருமபுரி மாவட்டத்தில், ஒகேனக்கல்லை ஒட்டிய மலைக்காடுகள் வறண்டவை. பாறைகளும் முட்புதர்களும் நிறைந்தவை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் இத்தகைய காடுகளில் சருகைக் கிளறி இரை தேடும் சிறு பறவையொன்று வாழ்கிறது. ஆளரவம் கேட்டால் பெரும்பாலும் பறக்காது. பாறை இடுக்குகளை நோக்கி ஓடி மறையும். இதனை வண்ண முள்கோழி எனலாம். பார்வைக்குக் கவுதாரி போன்ற இப்பறவையைக் கோழி என்பது சரிதானா?

காலைக் கவனியுங்கள்

இதன் நீளம் ஏறத்தாழ 32 சென்டிமீட்டர். சேவலின் முதுகு செம்பழுப்பு. அதில் கருவிளிம்புள்ள வெண்புள்ளிகள் இருக்கும். பெட்டை மங்கிய பழுப்பு நிறமுடையது. அடைகாக்கும்போது சருகோடு சருகாகத் தோன்றும். நாட்டுச் சேவலுக்குக் காலுக்கு ஒரு முள்தான் உண்டு. முள்கோழிச் சேவலுக்கோ ஒரே காலில் இரண்டு, மூன்று முட்கள் இருக்கும். பெட்டைக்கும் முள் இருப்பதுண்டு.

மாறிய பெயர்கள்

இதன் நெருங்கிய இனமான செம்முள்கோழிக்கு 1789இல் ஜெர்மானிய அறிஞர் மெலின் அறிவியற்பெயர் சூட்டினார். அதனை 'டெட்ராவோ' என்னும் பேரினத்தில் சேர்த்தார். கவுதாரி, காடை, குளிர்நாட்டுக் 'கிரவுஸ்' பறவை ஆகிய யாவும் அக்காலத்தில் அப்பேரினத்திலேயே இருந்தன. 1825இல் வண்ண முள்கோழி கவுதாரிப் பேரினத்தில் இடம் பெற்றது. கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்டு பிளித் 1845இல் இவற்றுக்கென 'காலோபெர்டிக்ஸ்' என்னும் தனிப் பேரினத்தை வகுத்தார். 'சேவல்-கவுதாரி' என்பது அதன் பொருள்.

கிரவுஸ் இதற்கு எவ்வளவு நெருக்கம்? ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் வரை பரவியுள்ள காடுகளில் 'ஹேசல் கிரவுஸ்' வாழ்கிறது. அதுவும் சிறியது, காட்டுத் தரையில் இரை தேடுவது. ஆனால் அதன் நாசித்துளைகளையும் காலின் மேற்பகுதியையும் இறகுகள் மூடியிருக்கும். பனிக்குளிருக்கு ஏற்ற போர்வை அது. முள்ளோ கிடையாது.

மரபணு கூறும் சான்று

கிரவுஸ் பறவைகளை முன்பு தனிக் குடும்பமாகவே கருதினர். இன்று கோழி, மயில், கவுதாரி ஆகியவை அடங்கிய 'பாசியானிடே' குடும்பத்திலேயே அவற்றையும் சேர்க்கின்றனர். மரபணு ஆய்வின்படி அவை வான்கோழிக்கு நெருங்கியவை. முள்கோழிக்கு நெருங்கியவையோ தென்கிழக்கு ஆசியாவின் மயிற்கோழிகள்! அவற்றின் சேவல்களுக்கும் ஒரே காலில் பல முட்கள் உண்டு. ஆக, முள்கோழி கவுதாரியும் அன்று. நாட்டுக்கோழியின் நேர் உறவும் அன்று. ஒத்த வாழ்க்கை ஒத்த தோற்றத்தைத் தரலாம், உறவைத் தருவதில்லை.

நம் பொறுப்பு

இப்பேரினத்தில் மூன்றே இனங்கள் உள்ளன. செம்முள்கோழியும் வண்ண முள்கோழியும் இந்தியாவுக்குரியவை. மூன்றாவது இலங்கைக்கு மட்டுமே உரியது. தரையில் முட்டையிடுவதால் காட்டுத்தீயும் கண்ணியும் இவற்றுக்குப் பெருங்கேடு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு 'காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்' என அறிவிக்கப்பட்டது. வறண்ட முட்காட்டைப் பயனற்ற நிலமெனப் பலர் எண்ணுவர். முள்கோழிக்கு அதுவே வீடு. இங்கே அழிந்தால், இதனை மீண்டும் காண வேறு கண்டம் எதுவுமில்லை.