ஒரு பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டர்

மும்பை ஆன்டாப் ஹில்லில் ஓர் அறை வீடு. அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஆனால் அதற்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர்.

தகப்பனார் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் வீடு திரும்பியதும் நாலைந்து மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். வீட்டு வாடகை அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறார்.

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் உயிரை விட்டது. ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பியது. லேமிங்டன் ரோட்டில் வாங்கி வந்த புதிய பெட்டியில் இருந்தது "விண்டோஸ் 11 ஹோம்". கணக்கு எழுதும் புரோகிராமோ "விண்டோஸ் எக்ஸ்பி" காலத்துச் சரக்கு. புதிய பெட்டியில் அது வாயே திறக்கவில்லை. 12 வருடக் கணக்கு உள்ளே மாட்டிக்கொண்டது.

மகனுக்குப் பாடத்துக்காக "லினக்ஸ்" வேண்டும். டிஸ்கை இரண்டாகப் பிரித்து அதைப் போடுகிறேன் என்றார். தகப்பனார் பதறிப் போனார்.

"உன் படிப்பு முக்கியம்தான்டா. அதுக்காக என் கணக்கைத் துடைச்சிடாதே!"

இந்தச் சண்டையைத் தீர்த்து வைத்தது "வர்ச்சுவல் மெஷின்".

உள்வாடகை

மும்பைவாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். வீட்டில் ஒரு தட்டி வைத்து மறைத்து, பாதியை உள்வாடகைக்கு விடுகிறோம் அல்லவா? அதே ஏற்பாடுதான். உள்ளே குடியிருப்பவருக்குத் தனி அடுப்பு, தனிப் பூட்டு. ஆனால் தண்ணீரும் கரண்டும் வீட்டுக்காரருடையவை. அதுபோல, விண்டோஸ் 11-க்கு உள்ளே எக்ஸ்பி குடியிருக்கும். அது சொந்த வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அதன் ஹார்டு டிஸ்க் என்பது உண்மையில் வெளியே இருக்கும் ஒரு பெரிய பைல்தான்.

இது நேற்று வந்த வித்தை அல்ல. ஐ.பி.எம். கம்பெனி தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு 1972-லேயே இதைக் கொடுத்தது. 1999-ல் வி.எம்.வேர் கம்பெனி இதைச் சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டு வந்தது.

எதை எடுப்பது?

வீட்டு உபயோகத்துக்கு முக்கியமாக மூன்று உண்டு. முதலாவது மைக்ரோசாப்டின் "ஹைப்பர்-வி". விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு அது கூடவே வருகிறது. ஹோம் பதிப்பில் கிடையாது. ஆகவே இந்த வீட்டுக்கு அது உதவாது.

வி.எம்.வேரின் "ஒர்க்ஸ்டேஷன் புரோ" முன்பு விலை கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. 2024 மே மாதம் சொந்த உபயோகத்துக்கும், அதே ஆண்டு நவம்பரில் எல்லாருக்கும் இலவசமாயிற்று. ஆனால் பெயரைப் பதிவு செய்தால்தான் இறக்க முடியும்.

ஆரக்கிள் கம்பெனியின் "வர்ச்சுவல்பாக்ஸ்" பதிவு கேட்பதில்லை. காசும் இல்லை. அதோடு "எக்ஸ்டென்ஷன் பேக்" என்று ஒன்று தனியாகக் கிடைக்கும். அது சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் மட்டுமே இலவசம். கூலிக்குக் கணக்கு எழுதுபவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது. அது இல்லாமலே வேலை நடக்கும். தகப்பனும் மகனும் வர்ச்சுவல்பாக்ஸையே எடுத்தார்கள்.

புரோகிராமின் பெயரைவிட மெமரிதான் முக்கியம். இவர்களிடம் இருப்பது 8 ஜி.பி. எக்ஸ்பிக்கு அதில் 1 ஜி.பி. தாராளம். லினக்ஸுக்கு 4 ஜி.பி. கொடுத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதில்லை. மொத்தமே 4 ஜி.பி. உள்ள பெட்டியில் இந்த முயற்சி வேண்டாம். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து திணறுவார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். "டாஸ்க் மேனேஜரில்" சி.பி.யு. பக்கத்தைத் திறந்தால் "வர்ச்சுவலைசேஷன்" என்று ஒரு வரி இருக்கும். அது "டிசேபிள்டு" என்று காட்டினால், கம்ப்யூட்டர் கிளம்பும்போதே "பயாஸ்" உள்ளே போய் அதை ஆன் செய்ய வேண்டும்.

எக்ஸ்பிக்கு லைசென்ஸும் தேவை. பழைய பெட்டியோடு சேர்ந்து வந்த லைசென்ஸ் அந்தப் பெட்டியோடு போயிற்று. நல்லவேளை, தகப்பனார் என்றோ தனியாக வாங்கிய சி.டி.யை அட்டைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தார்.

ஆமை

எக்ஸ்பி திறந்தது. கணக்கும் வந்தது. ஆனால் ஜன்னலின் கீழ்ப்பக்கம் ஒரு பச்சை ஆமை! விண்டோஸ் 11 தன் பாதுகாப்புக்காக "மெமரி இன்டெக்ரிட்டி" என்று ஒரு காவல் போட்டிருக்கிறது. அது ஓடும்போது வர்ச்சுவல்பாக்ஸ் மெதுவாகத்தான் நடக்கும். ஆமை அதற்கு அடையாளம். காவலை எடுத்துவிட்டால் வேகம் கூடலாம். இவர்கள் எடுக்கவில்லை. மளிகைக் கணக்குக்கு ஆமை வேகம் போதும்.

எக்ஸ்பிக்கு இன்டர்நெட்டையும் கொடுக்கவில்லை. 2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு மைக்ரோசாப்ட் அதற்குப் பாதுகாப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டது. வெளியே போக வர "ஷேர்டு போல்டர்" ஒன்று மட்டும் வைத்தார்கள்.

நாலு நாள் கணக்கு

"ஸ்னாப்ஷாட்" என்பது இதில் பெரிய வசதி. இன்றைய நிலையை அப்படியே நிறுத்தி வைத்து, பிறகு ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்கே திரும்பலாம். மகன் லினக்ஸை மூன்று தடவை கெடுத்து, மூன்று தடவையும் சில நிமிடங்களில் மீட்டார். அந்தத் தைரியத்தில்தான் வந்தது வினை.

எக்ஸ்பியில் ஏதோ கோளாறு. மகன் நாலு நாளைக்கு முந்திய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினார். திரும்பும் முன் "இப்போதைய நிலையையும் சேமிக்கவா?" என்று வர்ச்சுவல்பாக்ஸ் கேட்கும். அந்தக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். வேகத்தில் அதை எடுத்துவிட்டார். கோளாறும் போயிற்று, நாலு நாள் எழுதிய கணக்கும் போயிற்று! கடைச் சீட்டுகள் கையில் இருந்ததால் தகப்பனார் இரண்டு இரவு விழித்து மறுபடி எழுதினார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து தொகைகளை வாசித்தார்.

ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்கில்தான். டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

இப்போது தினம் இரவு கணக்குப் பைல்கள் ஷேர்டு போல்டர் வழியாகப் பென் டிரைவுக்குப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பியை முறையாக ஷட்டௌன் செய்து, அதன் போல்டர் முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுக்கிறார்கள். அந்த டிஸ்க் வீட்டில் இருப்பதில்லை. சயானில் உள்ள மாமா வீட்டுப் பீரோவில் இருக்கிறது.