மண் நுண்ணுயிர் தரும் சோப்பு

தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்போர் பிசுக்கைப் போக்கச் சீயக்காயைப் பயன்படுத்துவர். அதிலுள்ள ஒரு பொருள் ஒருபுறம் எண்ணெயையும் மறுபுறம் நீரையும் பற்றிக்கொள்கிறது. அதனால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நீரோடு சென்றுவிடுகிறது. இத்தகைய பொருளுக்குப் பரப்புச்செயலி என்று பெயர். சோப்பும் அவ்வகையினதே.

மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களும் பரப்புச்செயலியைச் சுரக்கின்றன. அவற்றுட் சிலவற்றுக்கு எண்ணெயே உணவு. நீரில் கரையாத எண்ணெயை நுண்துளிகளாக்கினால்தான் அவற்றால் எளிதில் உண்ண முடியும். ஆகவே, சித்தூரிலோ திருப்பதியிலோ இவற்றைத் தேடுபவர், வண்டிகள் பழுதுபார்க்கும் பட்டறையின் எண்ணெய் ஊறிய மண்ணை முதலில் எடுத்துப் பார்க்கலாம்.

சோதனை எளியது. தட்டில் நீர் ஊற்றி, அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பரப்புவர். பாக்டீரியா வளர்ந்த நீர்மத்தில் ஒரு துளியை நடுவில் இடுவர். பரப்புச்செயலி இருந்தால் படலம் விலகித் தெளிந்த வட்டம் தோன்றும். செயலி மிகுந்தால் வட்டமும் பெரிதாகும்.

1968இல் ஜப்பானிய அறிஞர்கள் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து சர்ஃபாக்டினைக் கண்டறிந்தனர். தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். சிறிதளவு சர்ஃபாக்டின் அதனை 27 ஆகக் குறைத்துவிடும். மண்ணில் எளிதில் சிதையவும் செய்யும். இருப்பினும், சலவைத்தூள்களில் பெட்ரோலியத்திலிருந்து செய்த செயலிகளே மிகுதி. காரணம் விலை. பாக்டீரியா தனக்கு வேண்டிய சிறிதளவே சுரக்கிறது.

விளைச்சலைப் பெருக்குவது எப்படி? இந்தப் பாக்டீரியா நன்கு வளரக் காற்று தேவை. காற்றைச் செலுத்தினாலோ, நுரை பொங்கிக் கலத்தைவிட்டு வழிகிறது. 1981இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இத்தொல்லையையே நன்மையாக்கினர். சர்ஃபாக்டின் நுரையில் செறிவதால், நுரையைத் தொடர்ந்து வெளியே எடுத்தனர். இரும்பு, மாங்கனீசு உப்புகளையும் சிறிது சேர்த்தனர். விளைச்சல் உயர்ந்தது. சூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியா ஒன்றின் இயல்பு இன்னும் வியப்பானது: நைட்ரஜன் குறைந்து வளர்ச்சி தளரும்போதுதான் அது மிகுதியாகச் சுரக்கிறது!

உணவுச் செலவும் உண்டு. குளுக்கோசுக்கு மாற்றாக, பொரித்து மிஞ்சிய எண்ணெய், கழிவுப்பாகு, புண்ணாக்கு ஆகியவற்றை ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்க்கின்றனர். சித்தூர்ப் பகுதி நிலக்கடலை விளையும் மண். கடலைப் புண்ணாக்குக்குக் குறைவில்லை. ஆனால் அதற்கு மாடுகளும் காத்திருக்கின்றனவே! இங்குள்ள மாம்பழக்கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையும் மலைபோல் மிஞ்சுகின்றன. தோலில் சர்க்கரையும், பருப்பில் கொழுப்பும் உண்டு. இவற்றுள் எந்த உணவு ஏற்றது என்பதையும் அதே தட்டும் எண்ணெய்ப் படலமும் காட்டிவிடும்.