எல்லோருக்கும் தகுதி உண்டு, இடம் யாருக்கு?

அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள்தாம். பிறகு ஏன் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது, அவருக்கு நிகரான இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை?

முதல் காரணம் பணம். அங்கே அறிவியல் ஆய்வு மாணவர்களுக்குப் பெரும்பாலும் துறையே கட்டணத்தை ஏற்று உதவித்தொகையும் தருகிறது. எனவே தகுதியானவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை பேருக்கு ஐந்தாறு ஆண்டுகள் படியளக்க முடியும் என்பதுதான் கணக்கு.

தேர்வு எப்படி நடக்கிறது? பேராசிரியர் குழு முதலில் மதிப்பெண்ணை வைத்துப் பட்டியலைச் சுருக்கும். எஞ்சியவர்கள் எல்லோரும் உச்சியில் நெருங்கி நிற்பதால், அதன்பின் மதிப்பெண் அவர்களைப் பிரித்துக் காட்டாது. அணியில் அனைவருமே நெட்டையர் என்றால், உயரத்தை வைத்துச் சிறந்த கூடைப்பந்து வீரரைச் சொல்ல முடியுமா?

அப்போது பரிந்துரைக் கடிதமும் ஆய்வு அனுபவமும் முன்னுக்கு வருகின்றன. மாணவரின் ஆர்வத்துக்கு ஏற்ற வழிகாட்டி துறையில் இருக்கிறாரா, அவர் இந்த ஆண்டு புதியவரைச் சேர்ப்பாரா என்றும் பார்ப்பார்கள். விண்ணப்பதாரரின் கையில் இல்லாத விஷயம் இது.

மனச்சாய்வும் உண்டு. மூன்று பல்கலைக்கழகங்களின் 10 முனைவர் பட்டத் துறைகளை ஆராய்ந்து, ஆய்வாளர் ஜூலி போசெல்ட் 2016இல் நூல் வெளியிட்டார். தம்மைப் போன்றவர்கள்மீது பேராசிரியர்களுக்கு ஈர்ப்பு இருப்பதை அவர் பதிவு செய்தார். இதைக் குறைக்கவே சில துறைகள் ஆய்வுத்திறன், விடாமுயற்சி போன்ற பண்புகளை முன்கூட்டியே வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே புள்ளி இடுகின்றன.