காவல் அங்கே, போன் இங்கே!

வெலிங்டன் பஜாரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் தேயிலைத் தூள் கடை வைத்திருக்கிறார். சமீபத்தில்தான் கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கினார். பில், ஜி.எஸ்.டி. கணக்கு, வெளியூர் ஆர்டர்கள் எல்லாம் அதில்தான். நான் ஊருக்குப் போயிருந்தபோது கேட்டார்: “தம்பி, மாதாமாதம் பணம் கட்டினால் கம்ப்யூட்டரை ராத்திரி பகலாகக் கண்காணிக்கிறோம் என்கிறது ஒரு கம்பெனி. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்ப்பார்கள்?”

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். பார்ப்போமா?

எப்படிக் கண்காணிக்கிறார்கள்?

உங்கள் கம்ப்யூட்டரில் ‘ஏஜென்ட்’ என்ற சிறிய புரோகிராமை இன்ஸ்டால் செய்வார்கள். யார் லாக்-இன் செய்தார்கள், எந்தப் புரோகிராம் இயங்கியது, இன்டர்நெட்டில் எதனுடன் தொடர்பு கொண்டது போன்ற விவரங்களை அது கண்காணிப்பு மையத்திற்கு அனுப்பும். இந்தக் குறிப்புகளுக்கு ‘லாக்’ என்று பெயர். மையத்தில் உள்ள சர்வர் இவற்றைச் சலித்து, வழக்கத்திற்கு மாறானதை மட்டும் ‘அலர்ட்’ ஆகக் காட்டும். நள்ளிரவில் நூற்றுக்கணக்கான பைல்களின் பெயர் திடீரென்று மாறினால், அது பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரின் வேலையாக இருக்கலாம். ஷிப்டில் இருக்கும் இன்ஜினியர் உடனே உங்களுக்குப் போன் செய்வார்.

போனுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

பெங்களூரு சொன்னது, யாரும் கேட்கவில்லை

அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைத் தொடர் நிறுவனம் இருக்கிறது. அதன் கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்கும் குழு ஒன்று பெங்களூரில் இருந்தது. 2013 நவம்பர் 30 அன்று, திருட்டு புரோகிராம் நுழைந்திருப்பதாக அலர்ட் வந்தது. பெங்களூரு குழு மினியாபொலிஸ் நகரிலுள்ள தலைமை அலுவலகத்திற்குத் தகவல் சொன்னது. அங்கே உடனே நடவடிக்கை எடுக்கவில்லை. டிசம்பர் நடுவில் திருட்டு நிறுத்தப்படுவதற்குள் 4 கோடி கார்டுகளின் விவரங்கள் போய்விட்டன.

திருடர்கள் நுழைந்த வழி இன்னும் ஆச்சரியம். டார்கெட்டுக்குக் குளிர்சாதன வேலை செய்து கொடுத்த ஒரு சிறிய நிறுவனத்தின் பாஸ்வேர்டைத் திருடித்தான் உள்ளே வந்தார்கள். “என் கடையில் திருட என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நீங்கள் யாருக்குச் சரக்கு அனுப்புகிறீர்களோ, அவர்கள் வீட்டுக் கதவாக நீங்கள் இருக்கலாம்.

எங்கள் மலையில் காட்டெருமை வந்தால் காவல்காரர் விசில் ஊதுவார். கேட்டைச் சாத்த வேண்டியது நாம்தான்!

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. அலர்ட் வந்தால் இரவில் எந்த நம்பருக்குப் போன் செய்வீர்கள்? குறைந்தது இரண்டு நம்பர் கொடுங்கள்.

2. நான் போனை எடுக்காவிட்டால், கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து நீங்களே துண்டிப்பீர்களா? இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

3. லாக்குகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்திற்குள் தகவல் தரவும் சொல்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அது அதே ஆண்டு செப்டம்பர் 25 முதல் அமலுக்கு வந்தது. அந்தத் தகவலை யார் அனுப்புவது என்றும் கேளுங்கள்.

4. என் வாடிக்கையாளர் விவரங்களில் எதையெல்லாம் உங்களால் பார்க்க முடியும்?

வீட்டில் இருப்பவர்களுக்கு

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாதக் கட்டணக் காவல் பெரும்பாலும் தேவைப்படாது. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். முக்கியமான பைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் பேக்-அப் எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். ஆன்டி-வைரஸ் எச்சரிக்கை வந்தால் படிக்காமல் ‘குளோஸ்’ கொடுக்காதீர்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

அண்ணன் அந்தக் கம்பெனியிடம் நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். தன் நம்பரோடு அண்ணியின் நம்பரையும் கொடுத்திருக்கிறார். மழை பிடித்துக்கொண்டால் இவருடைய போனில் சிக்னல் நிற்பதில்லையாம்!