பேட்டரி காரின் பசியும் தாகமும்



நடக்க இயலாத நோயாளிகளை வெளிநோயாளர் பிரிவிலிருந்து எக்ஸ்ரே அறைக்கும், அங்கிருந்து மேட்டின்மேல் இருக்கும் கண் பிரிவுக்கும் ஏற்றிச் செல்லும் பேட்டரி காரை, நம் வளாகத்திற்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் மனமுவந்து அனுப்பிய காணிக்கையில் வாங்கப்பட்டது அது. சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு பிற்பகல், அந்த மேட்டின் பாதியில் கார் நின்றுவிட்டது. உள்ளே இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் ஒரு பாட்டியம்மாளும் அவருடைய மகளும் இருந்தார்கள். வார்டு பையன்கள் இருவரும் நானுமாக மேலே தள்ளிக்கொண்டு போனோம். "எனக்காக இத்தனை பேர் வெயில்ல கஷ்டப்படறீங்களே ஐயா" என்று அந்த அம்மாள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வலியோடு இருந்தவர் அவர். எங்களுக்காக வருந்தியவரும் அவரே.

மறுநாள் பேட்டரிக் கடைக்காரர் வந்து சோதித்தார். எட்டு பேட்டரிகளும் போய்விட்டன என்றார். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நாலைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டியவை, பதினாறே மாதங்களில் முடிந்துவிட்டன. அவர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்கு மறக்கவில்லை: "இது ஓடி ஓடிக் கெட்டது இல்லீங்க ஐயா. சும்மா நின்னு கெட்டது."

புது பேட்டரிகளுக்காக உங்களிடம் மறுபடியும் கை நீட்டினோம், நீங்களும் கொடுத்தீர்கள். முதலில் கொடுத்த பணம் எப்படிப் போயிற்று என்று சொல்லாமல் இருப்பது முறையல்ல. ஆகவே இந்தக் கட்டுரை. உங்களில் அநேகருடைய வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கும். அதன் பேட்டரியும் பெரும்பாலும் இதே இனம்தான் என்பதால், எங்கள் தவறு உங்களுக்கும் பயன்படக்கூடும்.

இவ்வகை வண்டிகள் 1950களில் அமெரிக்காவில் கோல்ஃப் மைதானங்களுக்காகப் பரவின. இன்றும் பெயர் பெற்ற ஈ-இசட்-கோ நிறுவனம் 1954இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆகஸ்டா நகரில் தொடங்கப்பட்டது. வண்டி அறுபது எழுபது வயதுக்காரர் என்றால், அதற்குள் இருக்கும் ஈய அமில பேட்டரி அதைவிட மூத்தவர். பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே அதை 1859இல் செய்து காட்டினார். அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

பேட்டரிக்குள் நடப்பது இதுதான். ஈயத் தட்டுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. வண்டி ஓடும்போது அமிலத்திலுள்ள கந்தகப் பகுதி தட்டுகளில் போய்ப் படிந்து, ஈய சல்பேட்டாக மாறுகிறது. அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் செய்யும்போது அந்தப் படிவு கரைந்து மீண்டும் அமிலத்திற்குத் திரும்புகிறது. புதிதாகப் படிந்த சல்பேட் மிருதுவானது, எளிதில் திரும்பிவிடும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே பேட்டரியை நாள்கணக்கில் விட்டுவைத்தால் அது பெரிய படிகங்களாக இறுகிவிடுகிறது. பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுவதும் கரைவதில்லை. தட்டின் அந்தப் பகுதி அதோடு தீர்ந்தது. நம் ஊர் வெயிலில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

எங்கள் முதல் தவறு இங்கேதான். காரை ஓட்டியவர் நல்ல உழைப்பாளி. பேட்டரி முழுவதும் இறங்கிய பிறகுதான் சார்ஜ் போடவேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பழைய செல்போன்களிலும் ஷேவர்களிலும் இருந்த நிக்கல் காட்மியம் செல்களைப் பற்றிய பேச்சு அது. ஈய அமில பேட்டரிக்கு இது நேர் விரோதம். இரண்டே நடை ஓடியிருந்தாலும் அன்றிரவே சார்ஜ் போட்டு, காலையில் முழுமையாக எடுக்கவேண்டும். நாங்களோ சனி மாலை பாதி இறங்கிய வண்டியை நிறுத்திவிட்டு, திங்களன்று ஓட்டி, செவ்வாயன்று சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தோம். பள்ளி விடுமுறைக் காலத்தில் ஓட்டுநர் ஊருக்குப் போனபோது மூன்று வாரம் அப்படியே நின்றது. ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த 'ஒருவரும்' என்பதில் நானும் உண்டு. வண்டி நின்றது என் அறை வாசலுக்கு எதிரே.

இன்னொரு மயக்கமும் எங்களுக்கு இருந்தது. இது 48 வோல்ட் வண்டி. ஆறு வோல்ட் பேட்டரிகள் எட்டு, அதாவது இருபத்துநான்கு செல்கள். மீட்டரில் 48 என்று காட்டினால் நிறைந்திருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தோம். உண்மையில் முழுமையாகச் சார்ஜ் ஆகி, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் இத்தகைய தொகுதி ஏறக்குறைய 50.9 வோல்ட் காட்டவேண்டும். 48.4 வந்தாலே பாதி காலி. நாங்கள் நிறைந்த பாத்திரம் என்று நினைத்தது அரைப் பாத்திரத்துக்கும் குறைவு. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்காமல் பார்த்துக்கொண்டால் ஆயுள் கூடும். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒருபோதும் இறக்கக்கூடாது.

சார்ஜ் செய்ய ஏன் இத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காலிப் பேருந்தில் முதலில் ஏறுகிறவர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் வருகிறவர்கள்தான் இடம் தேடித் தேடி நெருக்கி உட்காரவேண்டும். பேட்டரியும் அப்படியே. முதல் எண்பது பங்கு விரைவாக ஏறும். மீதி இருபதுக்கு அநேகமாக அவ்வளவு நேரமே ஆகும். நன்கு இறங்கிய வண்டிக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டு நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் அந்தக் கடைசிப் பங்கு தினமும் நிறையாமலே போய், அதே சல்பேட் கதைதான். இரவில் மின்சாரம் போய் வந்தால் சார்ஜர் மறுபடி ஓடுகிறதா என்றும் பார்க்கவேண்டும். முற்றிலும் இறங்கிப்போன தொகுதியைச் சில சார்ஜர்கள் அடையாளம் காணாமல், வேலையே தொடங்குவதில்லை. அப்போது சார்ஜர் பழுது என்று தவறாக எண்ணிவிடுகிறோம்.

பசியைப் பற்றி இவ்வளவு. இனி தாகம்.

சார்ஜ் முடியும் தறுவாயில் அமிலத்திலுள்ள தண்ணீர் சிறிது சிறிதாக வாயுவாகப் பிரிந்து போகிறது. போவது தண்ணீர் மட்டுமே. அமிலம் உள்ளேயே தங்குகிறது. ஆகவே ஊற்றவேண்டியதும் தண்ணீர் மட்டுமே, ஒருநாளும் ஆசிட் அல்ல. அந்தத் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராக இருக்கவேண்டும். குடிக்கிற மினரல் வாட்டர் அதற்கு ஈடாகாது. பெயரே சொல்லுகிறதே, அதில் உப்புகள் உண்டு. நம் பேட்டரிகளுக்கு சில மாதங்கள் போர் தண்ணீரே ஊற்றப்பட்டிருக்கிறது என்று பிறகு தெரியவந்தது. நம் போர் தண்ணீரில் குழம்பு வைத்தாலே பாத்திரத்தில் வெள்ளை படியும்; பேட்டரித் தட்டு என்ன செய்யும்?

தண்ணீரைச் சார்ஜ் முடிந்த பின்தான் ஊற்றவேண்டும். சார்ஜ் ஆகும்போது உள்ளிருக்கும் திரவம் விரிந்து உயரும். முன்பே நிரப்பிவிட்டால் அமிலம் பொங்கி வழிந்து, பேட்டரிப் பெட்டியின் இரும்பைத் தின்னும். தட்டுகள் வெளியே தெரியும் அளவு வற்றியிருந்தால் மட்டும், அவை மூழ்குமளவு சிறிது ஊற்றிச் சார்ஜ் செய்து, பிறகு சரியான மட்டத்திற்கு நிரப்பலாம். காற்றுப்பட்டுக் காய்ந்த தட்டு திரும்பி உயிர் பெறுவதில்லை. கோடையில் இரண்டு வாரத்துக்கொரு முறை மூடிகளைத் திறந்து பார்க்கிறோம்.

பிரிந்து வருகிற வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. இலேசான வாயு என்பதால் கூரையடியில் தங்கும். நாங்கள் காரைச் சார்ஜ் செய்தது மாடிப்படிக்குக் கீழே உள்ள அடைத்த இடத்தில். நோயாளிகளின் உறவினர்கள் ஒதுங்கிப் பீடி பற்றவைப்பதும் அங்கேயே. ஒன்றும் நேராமல் காக்கப்பட்டோம் என்றுதான் சொல்லவேண்டும். இப்போது திறந்த கொட்டகையில் சார்ஜ் செய்கிறோம். மூடியைத் திறப்பவர் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிகிறார். ஸ்பேனர் ஒன்று இரு டெர்மினல்களுக்குக் குறுக்கே விழுந்தால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். ஆகவே அதன் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறோம். நாற்பதாண்டுகளாகக் கழற்றாத திருமண மோதிரத்தை, பேட்டரிப் பெட்டியருகே நிற்கும்போது மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போடுகிறேன். என் மனைவிக்கு இது தெரியும்.

டெர்மினல்களில் பூக்கும் வெண்பச்சைப் பொடியை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவினால் போதும். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கவேண்டும். தளர்ந்த இணைப்பு சூடேறி ஈய முனையையே உருக்கிவிடும். கடைக்காரர் பெட்டியைத் திறந்தபோது ஒரு முனை மெழுகுபோல் சரிந்திருந்தது.

நன்மை செய்யப்போய் நேர்ந்த கேடு ஒன்றையும் சொல்லவேண்டும். நோயாளிகளுக்குக் காற்று வரட்டுமே என்று யாரோ வண்டியில் ஒரு சிறு மின்விசிறி பொருத்தினார்கள். அது 12 வோல்ட் விசிறி. எட்டு பேட்டரிகளில் இரண்டிலிருந்து மட்டும் கம்பி இழுத்தார்கள். அந்த இரண்டும் மற்ற ஆறைவிட அதிகம் உழைத்தன. சார்ஜ் செய்யும்போதோ எட்டிற்கும் ஒரே மின்னோட்டம்தான். ஆறு பேருக்கு அஜீரணம், இரண்டு பேருக்குப் பட்டினி. முதலில் செத்தவை அந்த இரண்டுமே. இப்போது எட்டிலிருந்தும் சேர்த்து எடுத்து 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வைத்திருக்கிறோம். விசிறி இருக்கிறது.

ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று எங்கள் கமிட்டியில் கேட்டார்கள். பழையவற்றோடு புதியதைச் சேர்த்தால், புதியது பழையதின் நிலைக்கு விரைவில் இறங்கிவிடும். ஆகவே எட்டையும் மாற்றினோம். பழைய எட்டும் கடைக்காரரிடமே திரும்பப் போயின. ஈயம் மறுசுழற்சிக்கு ஆகும், குப்பையில் போட்டால் மண்ணுக்கு விஷம்.

லித்தியம் பேட்டரி போட்டிருக்கலாமே என்று சில நண்பர்கள் எழுதினார்கள். இப்போதைய புதிய வண்டிகள் பலவற்றில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வருகிறது. தண்ணீர் வேண்டாம், எடை குறைவு, பாதி சார்ஜில் நின்றாலும் கெடாது. ஆனால் வாங்கும் விலை அதிகம், அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும். எங்களிடம் இருந்த சார்ஜர் ஈய பேட்டரிக்கானது. அடுத்த முறை யோசிப்போம்.

இப்போது கொட்டகைச் சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, வண்டி எடுக்குமுன், மின் பணியாளர் தம்பி ஹைட்ரோமீட்டரால் இருபத்துநான்கு செல்களையும் அளந்து சொல்ல, நான் எழுதுகிறேன். இதை ஒரு பிரசங்கமாக்கும் ஆசை வராமலில்லை, அடக்கிக்கொள்கிறேன். இம்மாதம் மொத்தம் 50.8 வோல்ட். செல்கள் எல்லாம் 1.270க்கும் 1.280க்கும் இடையே இருக்கின்றன. ஏழாவது பேட்டரியின் நடு செல் மட்டும் 1.245. இப்படி 0.030க்கு மேல் வித்தியாசம் வந்தால், முழுச் சார்ஜுக்குப் பிறகும் சில மணி நேரம் கூடுதலாகச் சார்ஜ் செய்து எல்லாச் செல்களையும் சமப்படுத்தவேண்டுமாம். சனிக்கிழமை மாலை அதைச் செய்து, மறுபடி அளந்து பார்க்கிறோம்.