சுந்தரிக்கு இரண்டு வேளை மாத்திரை

மனிதர்களுக்கு மருந்து கொடுப்பது பெரிய காரியமில்லை. முகம் சுளித்தாலும் கடைசியில் விழுங்கிவிடுவார்கள். மருந்து கொடுப்பது எத்தனை சிரமம் என்பது பூனை வளர்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

கரமனையில் எங்கள் வீட்டோடு 13 வருடங்களாக இருப்பவள் சுந்தரி. சென்ற ஆண்டு அவளுக்குத் திடீரென்று அகோரப் பசி. எவ்வளவு போட்டாலும் போதவில்லை. ஆனால் உடம்போ நாளுக்கு நாள் இளைத்தது. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. இரவெல்லாம் கத்தல் வேறு. "வயசாச்சு, அவ்வளவுதான்" என்றேன் நான். என் மனைவி கேட்கவில்லை. கூடையில் வைத்துத் துணியால் மூடி, ஆட்டோ பிடித்து, குடப்பனக்குன்னில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார். வயதான பூனைகளுக்கு வரும் இந்த நோயை 1979-ல்தான் அமெரிக்காவில் முதன்முதலாக விவரித்து எழுதினார்களாம். கவனிக்காமல் விட்டால் இதயத்தைப் பாதிக்கும். மனிதர்களுக்குத் தரும் கார்பிமசோல் மாத்திரைதான் பூனைக்கும்; அளவை மட்டும் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

"திவசம் ரெண்டு நேரம் குளிக கொடுக்கணும் மாமி, ஜீவிதகாலம் முழுக்க" என்றார். நம் வைத்தியர்களின் குளிகை மலையாளத்தில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதே என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். 'ஜீவிதகாலம் முழுக்க' என்பதன் பொருள் என் மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது.

முதல் நாள் மாத்திரையைப் பொடித்து, வெல்லம் கலந்த பாலில் கரைத்து வைத்தோம். ஒரு நக்கு நக்கியவள் வாயில் நுரை தள்ள ஓடினாள். பயந்துபோனோம். பிறகுதான் விஷயம் தெரிந்தது. பூனைக்கு இனிப்புச் சுவையே கிடையாது. அதற்கான மரபணு பூனைக் குலத்தில் செயலற்றுப்போனதை விஞ்ஞானிகள் 2005-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக, வெல்லம் வீண், கசப்புதான் மிச்சம். கசப்பு பட்டால் பூனைக்கு வாயில் நுரை வருவதும் சகஜம்தானாம்.

அடுத்து பலப்பிரயோகம். துண்டில் சுற்றி நான் பிடித்துக்கொள்ள, மனைவி வாயைத் திறந்து மாத்திரையைப் போடுவாள். கையெல்லாம் கீறல். ஆனாலும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தோம். மூன்று வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எந்த முன்னேற்றமும் இல்லை. அந்த வாரம் வீட்டை ஒழித்தபோது, மரப்பெட்டிக்குப் பின்னால் வரிசையாக மாத்திரைகள் கிடந்தன! கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நாங்கள் விட்டதும் துப்பியிருக்கிறாள்.

அதைவிட மனதைச் சுட்டது வேறு. என் மனைவியின் காலடியில் படுத்துத் தூங்கியவள், இப்போது அவள் குரல் கேட்டாலே பரணில் ஏறிக்கொண்டாள். "அவ உயிரைக் காப்பாத்தறேன்னு சொல்லி அவளுக்கு எதிரியாயிட்டேனே" என்று மனைவி கண்கலங்கினாள்.

டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: "யுத்தம் வேண்டாம். இன்னிக்கு ஜெயிச்சாலும் நாளைக்கும் கொடுக்கணுமல்லே?" மீன் உருண்டை வைத்தியத்தையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

சைவச் சமையல் நடக்கும் வீட்டில் மீனுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுச் சேச்சி கைகொடுத்தார். உப்பு, மசாலா சேர்க்காமல் அவித்த சாளை மீன் துண்டு, காலையும் மாலையும் மதில் வழியாக ஒரு கிண்ணத்தில் வரும். கிணற்றடியில் வைத்து மூன்று சிறு உருண்டைகள் பிடிப்போம். முதல் உருண்டை வெறும் மீன், சந்தேகம் தீர. இரண்டாவதில் மாத்திரை. அதை அவள் மெல்லும்போதே மூன்றாவதைக் கண்ணெதிரே காட்டினால், அந்த அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடுவாள். மாத்திரையைத் தொட்ட கையால் மற்ற உருண்டைகளைத் தொடக்கூடாது, வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

பூனை வளர்க்கும் அன்பர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். வாயைத் திறந்துதான் கொடுக்க வேண்டும் என்றால், பின்னாலிருந்து பிடித்து, நாக்கின் அடியில் அல்ல, அதன் பின்பகுதியில் மாத்திரையை வையுங்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுங்கள். வறட்டு மாத்திரை உணவுக்குழாயில் சிக்கிப் புண்ணாக்கலாம். தைராய்டு மாத்திரையைக் கர்ப்பிணிகள் வெறுங்கையால் தொடக்கூடாது. வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரைகூட உயிரை வாங்கிவிடும். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

நான்கு மாதத்தில் சுந்தரி அரைக் கிலோவுக்கு மேல் தேறிவிட்டாள். மாத்திரை அட்டையின் சத்தம் கேட்டால் முன்பு பரணுக்கு ஓடியவள், இப்போது அதே சத்தம் கேட்டுக் கிணற்றடிக்கு ஓடி வருகிறாள். இரவில் மறுபடியும் என் மனைவியின் காலடியில்தான் படுக்கை. சேச்சி ஊருக்குப் போகும் நாட்களில் மீனுக்கு என்ன செய்வது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டின் ஒரே கவலை!