கொல்லை முருங்கை கழனிக்கு வந்த வரலாறு

அகநானூற்றின் முதற்பாட்டில் மாமூலனார் பாலை நிலத்து முருங்கையைக் காட்டுகிறார். கடுங்காற்று அலைக்க, அதன் வெண்பூக்கள் உடையும் அலையின் திவலைகளெனச் சிதறுகின்றன. அம்மரத்துக்கு நாரில்லை என்பதையும் புலவர் குறிக்கத் தவறவில்லை. வறண்ட நிலத்தில் வாழும், காற்றுக்கு முறியும். முருங்கையைப் பணப்பயிராக்க விழைவோர் முதலில் அறியவேண்டியவை இவ்விரண்டுமே.

நம் கொல்லைகளில் முருங்கை பெரும்பாலும் போத்து நட்டே வளர்ந்தது. போத்து தாய்மரத்தின் குணத்தை மாறாது கொணரும். மூலனூர் முருங்கை, யாழ்ப்பாண முருங்கை என்று ஊர்ப்பெயரால் வகைகள் நிலைத்தமை அதனாலேயே. எனினும் ஏக்கர் கணக்கில் நடுவதற்குப் போத்துக்கு எங்கே போவது?

1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வழி வெளிவந்த பி.கே.எம். 1 இக்குறையைத் தீர்த்தது. எப்போதும்வென்றான் என்னும் ஊரின் நாட்டு வகையினின்று தேர்ந்தெடுக்கப்பட்டது அது. விதையிட்டு வளர்க்கலாம், ஏறத்தாழ ஆறு திங்களில் காய் பறிக்கலாம்.

செடி இரண்டரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வளரும் செடியைக் கிள்ள மனம் வராத உழவரும் உளர்! கிள்ளாவிடில் அது நெடிதோங்கி, எட்டாத உச்சியில் காய்த்து, புலவர் கண்ட காற்றுக்கே ஒடிந்து வீழும். கிள்ளினால் பக்கக் கிளைகள் பரவிக் கைக்கெட்டக் காய்க்கும். ஓராண்டுக் காய்ப்பு முடிந்தபின் தரைக்கு மேல் மூன்றடி விட்டு வெட்டினால் மீண்டும் தழைக்கும். நீர் தேங்கினால் வேர் அழுகும். பூக்கும் பருவத்துப் பெருமழை பூவை உதிர்க்கும்.

விளைவிப்பதினும் விற்பதே அரிது. எல்லார் தோட்டத்திலும் ஒருசேரக் காய்க்கும்போது சந்தையில் விலை சரிகிறது. பறிகூலிக்கும் கட்டாமல் காயை மரத்திலேயே முற்றவிடுவோர் உண்டு. மழைக்காலத்தில் விலை ஏறும். அப்போது விற்கக் காய் இராது. பறித்த காயை நெடுநாள் வைத்திருக்கவும் இயலாது. ஆகவே சிலர் இலையை நாடினர். நெருக்கமாக விதைத்து, அடிக்கடி அறுத்து, பச்சை நிறம் கெடாதபடி நிழலில் உலர்த்திப் பொடியாக்கி அயல்நாடுகளுக்கும் அனுப்புகின்றனர்.

இன்னொன்றும் உண்டு. முருங்கைப் பூவில் தேனீக்களால் அயல்மகரந்தச் சேர்க்கை நிகழ்கிறது. தோட்டத்து விதையையே திரும்பத் திரும்ப இடுபவர் நாளடைவில் காய்கள் நெட்டையும் குட்டையுமாக மாறக் காண்கிறார். வகையை மாறாமல் காப்பது போத்தே. ஆனால் வீட்டை விரிக்கக் கொல்லைமரம் வெட்டப்படுந்தோறும் போத்துத் தரும் தாய்மரம் ஒன்று குறைகிறது. எப்போதும்வென்றானிலும் அவ்வாறே வெட்டியிருந்தால், 1989-இல் வெளியிட அந்த விதை இருந்திராது.